ஏரிக்கரையா, கடலோரமா?
நாலைந்து நாள் சைக்கிள் பயணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஏரிப் பக்கம்தான் போவேன். கடலோரத்தில் காட்சி அள்ளும், ஆனால் காற்று ஆளை வதைத்துவிடும்: நிலம் சூடேறியதும் கடற்காற்று கிளம்பி பிற்பகலில் வலுத்துவிடும், அதனால் விடியலிலேயே பாதித் தூரத்தை முடித்துவிடுவது நல்லது. உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து எண்ணெய் விட வேண்டும் (என்னைப் போன்ற சோம்பேறிகளுக்குச் சரிப்படாது). ஏரியில் வடிகட்டி இருந்தால் குடிநீர் கிடைக்கும், ஆனால் நீலப்பச்சைப் பாசி படர்ந்த தண்ணீரைத் தொடாதீர்கள், அதன் நச்சைச் சாதாரண வடிகட்டி நீக்காது. சாயங்காலம் கொசுத்தொல்லை உண்டு. அப்புறம், வழக்கமாக வீசும் காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி திசை பார்த்துக் கிளம்பினால் கடலோரம் சொர்க்கம்தான். ஏரியைச் சுற்றும்போது அந்தச் சலுகை பாதி வழிக்கு மட்டுமே.