புல்கட்டியை நம்பி ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன்: முயல் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று இரவு 11.30 மணிக்கு அந்தப் புல்கட்டியை விற்ற கடையிலிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். கீழே ஒரு பெயர்கூட இல்லை. இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹே என்கிற காய்ந்த தீவனப் புல்லை வாங்கி, கொட்டி, பெருக்கி அலுத்துப்போன முயல்காரர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்கவைத்துவிடுவார்கள், அப்புறம் எழுதி என்ன பயன். செல்லப்பிராணித் தீவனத்தைச் சந்தா முறையில் வீட்டுக்கே அனுப்பும் ஓர் இணையக்கடை, அது போதும். போனது என் ஒரு மாதச் சம்பளம். மூன்றில் ஒரு பங்கு முன்கூட்டியே கட்டிய ஓராண்டுச் சந்தா. மிச்சமெல்லாம் மருத்துவச் செலவு.

எங்கள் முயலின் பெயர் பஞ்சு. 3 வயது, 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குட்டியாக வந்த நாளிலிருந்து டிமோதி என்ற புல்லின் ஹேதான் அதன் சாப்பாடு, படுக்கை, விளையாட்டு எல்லாம். ஹே என்றதும் வைக்கோல் என்று நினைத்துவிடாதீர்கள். கதிரை அறுத்தபின் மிஞ்சும் தாள் வைக்கோல், அதில் சத்து அதிகமில்லை. ஹே என்பது புல்லையே தீவனத்துக்கென்று பருவம் பார்த்து அறுத்து, பச்சை மணம் போகாமல் காயவைப்பது. பஞ்சு அதைக் கிளறும், இழுக்கும், பாதியைச் சாப்பிடும், பாதியை வீடு முழுக்கப் பரப்பும். காலுறையில் புல், மெத்தையில் புல், ஒருநாள் என் மடிக்கணினி விசைப்பலகைக்குள்ளும் புல். அந்தத் தூசிக்கு எனக்குத் தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு தும்மல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஏமாந்ததில் என் சோம்பலுக்கும் பங்கு உண்டு. மறைக்க விரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள். "ஹேக்கு முழுமையான மாற்று. தூசி இல்லை, சிதறல் இல்லை, இடம் அடைக்காது. 25% நார்ச்சத்து." ஒரு வெள்ளை முயல், வெள்ளைத் தரை, தரையில் ஒரு துரும்பு கிடையாது. அந்தத் தரையைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன்.

உடனே வாங்கிவிடவில்லை. அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் கேட்டேன். ஒரு பெண் பேசினார். முதல் கேள்வியே "உங்கள் செல்லத்தின் பெயர் என்ன?" என்பதுதான். சொன்னேன். அதற்கப்புறம் முயல் என்ற வார்த்தையே வரவில்லை, பஞ்சு பஞ்சு என்றேதான் பேசினார். பஞ்சுவுக்கு எத்தனை வயது, பஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும், பஞ்சுவின் புகைப்படம் அனுப்ப முடியுமா. அனுப்பினேன். எங்கள் வீட்டில் கூட யாரும் அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. "இதையே கொடுத்தால் போதுமா, தனியாக ஹே வேண்டாமா?" என்று நேராகவே கேட்டேன். பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது: "அதே டிமோதி புல்தான் சார். நாங்கள் அதிலிருந்து காற்றை மட்டும்தான் எடுத்திருக்கிறோம்."

காற்றை மட்டும்தான் எடுத்திருக்கிறோம்! எவ்வளவு அழகான வாக்கியம். அந்த ஒரு வரிக்கு மயங்கி ஓராண்டுப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினேன். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி உண்டு என்றார்கள். உண்டுதான்.

முதல் வாரம் சொர்க்கம். வீடு சுத்தம், தும்மல் இல்லை. பஞ்சுவும் கட்டிகளை ஆசையாகக் கடித்தது. ஆனால் ஹே இருந்தபோது நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கும் முயல், இப்போது கால் மணி நேரத்தில் தட்டைக் காலி செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தது. பிறகு கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது, சுவர் ஓரத்தைச் சுரண்டியது. சேட்டை என்று நினைத்துத் திட்டினேன். ஐந்தாவது வாரம் புழுக்கை சிறுத்தது. உருண்டையாக, பெரிதாக, வெளிர்பழுப்பாக இருந்தது போய் கறுத்துச் சுண்டிய மிளகு மாதிரி ஆனது. பின்பக்க ரோமத்தில் களிபோல ஏதோ ஒட்டியது. துடைத்துவிட்டேன். எட்டாவது வாரம் மோவாய்க்குக் கீழே ஈரம். தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்தேன். பத்தாவது வாரம் கட்டியை வாயில் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், கீழே போடும். பதினோராவது வாரம் ஒருநாள் காலை, இரவில் வைத்தது அப்படியே இருந்தது. கூண்டின் கழிவுத் தட்டில் ஒரு புழுக்கை இல்லை. பஞ்சு முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது.

முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்று எனக்குத் தெரியும், அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது. அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மருத்துவர் முன்பற்களைப் பார்த்தார், ஒழுங்காக இருந்தன. காதுக்குள் பார்க்கிற விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாயைப் பார்த்தார். முயலின் வாய் குறுகல், வெறும் கண்ணால் பின்பக்கம் தெரியாது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் உள்விளிம்பு முள்மாதிரி வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. வலியில் சாப்பாடு நின்று, அதனால் குடலும் நின்றிருந்தது. எக்ஸ்ரே, வலிமருந்து, ஊசிக்குழாயில் உணவு, நிலை கொஞ்சம் தேறியதும் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்த்தார்கள். அதற்கு முன் பட்டினி போடவா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார், முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினிதான் அதற்கு ஆபத்து. நான்கு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். சந்தாவும் இந்தச் செலவும் சேர்த்துத்தான் அந்த ஒரு மாதச் சம்பளம்.

அவர் எனக்கு விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் சாகும்வரை வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்கூட வளரும். தேய்ப்பதற்கு அதனிடம் இருக்கும் ஒரே வழி மெல்லுவது. நீளமான புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் போய் வரும், ஆட்டுக்கல்லில் அரைப்பதுபோல. பல்லின் முழு மேற்பரப்பும் தேயும். கட்டியையோ, அரைத்த தீவனத்தை அழுத்திச் செய்த சிறு குச்சிகளான பெல்லட்டையோ கடித்தால் தாடை மேலும் கீழுமாக நசுக்கும், நொறுங்கியதும் விழுங்கிவிடும். அரைக்க வேண்டிய வேலை ஏற்கெனவே ஆலையில் முடிந்துவிட்டதே! பல்லின் ஒரு பக்கம் தேயும், ஓரம் தேயாமல் முள்ளாக நிற்கும். கீழே நாக்கைப் பார்த்து, மேலே கன்னத்தைப் பார்த்து.

குடல் கதை இன்னும் விசித்திரம். முயலின் பெருங்குடல் ஒரு சல்லடை. நீளமான, செரிக்காத நாரை வேகமாக வெளியே தள்ளும், அதுதான் உருண்டைப் புழுக்கை. நுண்ணிய துகளைத் திருப்பி சீக்கம் என்ற பெரிய பைக்கு அனுப்பும். அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும், அது மென்புழுக்கையாக வரும்போது முயல் நேராக வாயில் எடுத்து மறுபடி தின்னும். குடலை உதைத்து ஓடவைப்பதே அந்த நீள நார்தான். மாவாக அரைத்த நாருக்கு அந்த உதை கிடையாது, எல்லாம் சீக்கத்துக்குப் போய்த் தேங்கும். பின்பக்கத்தில் களிபோல ஒட்டியது என்றேனே, அது உருவம் கெட்டுத் தின்னாமல் விட்ட மென்புழுக்கை. நான் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டியை வெந்நீரில் போட்டேன். பத்து நிமிடத்தில் கரைந்தது. விரலால் துழாவினால் பச்சைக் கூழ். நகத்தளவு துரும்பு நான்கைந்து. காற்றை மட்டும் எடுத்தார்களாம்! புல்லையே எடுத்துவிட்டு மாவைக் கட்டியாக அச்சடித்திருக்கிறார்கள். 25% நார்ச்சத்து என்பது பொய்யாக இருக்காது, ஆய்வுக்கூடத்தில் அளந்தால் அந்த எண் வரும். நாரின் அளவுதான் பொட்டலத்தில் இருக்கிறது. நாரின் நீளம் எங்கேயும் இல்லை. நான் ஏமாந்தது சரியாக இந்த இடத்தில்.

இனி புகார்ப் படலம். அதே அரட்டைப் பெட்டி, இந்த முறை இயந்திரம். "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்." மூன்றாம் நாள் ஒரு மனிதர் வந்தார், பொட்டலத்தின் தொகுதி எண் கேட்டார். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வேறொருவர், அதே தொகுதி எண். கொடுத்தேன். மூன்றாமவர் புழுக்கையின் புகைப்படம் கேட்டார். முன்பு பஞ்சுவின் படம் கேட்டார்கள், இப்போது புழுக்கை. அதையும் அனுப்பினேன். யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லை, "உங்கள் விலங்கு" என்றே எழுதினார்கள்.

மருத்துவர் சான்று கேட்டார்கள். அவர் நேர்மையானவர், "உணவில் நீள நார் இல்லாதது முக்கியக் காரணமாக இருக்கக்கூடும், பல் அமைப்பில் முன்பே சிறு கோணல் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு" என்று எழுதிக்கொடுத்தார். அந்தப் பின்பாதியை மட்டும் வெட்டி எனக்கே திருப்பி அனுப்பி, "உங்கள் மருத்துவரே சொல்கிறார்" என்றார்கள். அதற்கு அடுத்த கடிதம்தான் உச்சம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். மடிப்புக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: "துணைத் தீவனம். உதிரி ஹே எப்போதும் கிடைக்குமாறு வைக்கவும்."

முன்பக்கம் முழுமையான மாற்று, பின்பக்கம் துணைத் தீவனம்! காற்றை மட்டும் எடுத்தோம் என்ற அரட்டையின் படத்தை அனுப்பினேன். "அது அந்த ஊழியரின் தனிப்பட்ட கருத்து." அவர்கள் தளத்தைப் போய்ப் பார்த்தால் விளம்பரத்தில் "மாற்று" என்ற சொல் காணாமல் போயிருக்கிறது, இப்போது "ஹேயுடன் சேர்த்துக் கொடுக்க உகந்தது". தவறு இல்லையென்றால் ஏன் மாற்றினார்கள்? மீதமுள்ள மாதங்களின் சந்தாவையாவது திருப்புங்கள் என்றேன். ஆண்டுச் சந்தாவுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது கிடையாதாம். ஆறுதலாக அடுத்த கொள்முதலுக்கு 10% கழிவுச் சீட்டு அனுப்பினார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடாகக் கழிவுச் சீட்டு, அதுவும் அதே கட்டியை வாங்க. நேற்று இரவு புகார் முடிந்ததாம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இன்னும் கால் மணியில் பஞ்சுவுக்கு ஊசிக்குழாயில் ஊட்ட வேண்டும். அவசரமாகச் சிலது மட்டும்.

உதிரி ஹே முயலின் உடம்பளவு குவியலாக எந்நேரமும் இருக்கட்டும். சாப்பாட்டில் 80 முதல் 85 சதவீதம் அதுதான். பெல்லட் உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றார் மருத்துவர். எந்தக் கட்டியையும் வாங்கும் முன் ஒன்றை நீரில் கரைத்துப் பாருங்கள். அரைக்காத நீளப் புல்லை அப்படியே அழுத்திக் கட்டி விற்பது வேறு, பிரித்தால் புல்லாகவே உதிரும், அதில் தப்பில்லை. நறுக்கிய புல் தெரிகிற கட்டியை ஹேயுடன் கூடக் கடிக்கக் கொடுக்கலாம், ஹேக்குப் பதிலாக வேண்டாம். குதிரைமசால் என்கிற அல்ஃபால்ஃபாவில் செய்த கட்டி வளர்ந்த முயலுக்கு வேண்டவே வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கசடாகத் தேங்கும். தூசிதான் தொல்லை என்றால் ஹேயை வெளியே உதறிவிட்டு வையுங்கள், நான் இப்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்கிறேன். புழுக்கை சிறுத்தால், எச்சில் வடிந்து மோவாய் நனைந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள்.

பஞ்சு இன்று காலை இரண்டு துரும்பு ஹே தானாக இழுத்தது. ஆறு வாரத்தில் பல்லை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், மறுபடி தேய்க்க வேண்டியிருக்கலாமாம், அந்தச் செலவு மேலே சொன்ன ஒரு மாதச் சம்பளத்தில் சேரவில்லை. இந்த மாதப் பெட்டி நேற்று வாசலுக்கு வந்துவிட்டது. பிரிக்காமல் கிடக்கிறது. யாராவது சும்மா கொடுங்கள் என்று கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.