டிராக்டர் ஸ்னோ ப்ளோவர் அடைத்துக்கொண்டால்: கட்டையா, கடப்பாரையா, வெந்நீரா?

டிராக்டரின் பின்னால் மாட்டி, கிடக்கும் பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோவர் பாதி வேலையில் பனியைத் துப்புவதை நிறுத்திவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கட்டையால் குத்து என்பார் ஒருவர். வெந்நீர் ஊற்று என்பார் இன்னொருவர். பி.டி.ஓ.வை (எஞ்சினின் சக்தியை ப்ளோவருக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டின் இணைப்பு) நாலைந்து முறை போட்டுப் போட்டு எடுத்தால் தானே விட்டுவிடும் என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. கடைசியாக ஒருவர் கேஸ் டார்ச்சோடு வந்து நிற்பார். இவற்றில் எல்லா அடைப்புக்கும் பொருந்துகிற வழி ஒன்றுகூட இல்லை. எந்த அடைப்புக்கும் பொருந்தாத வழி மட்டும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடைப்பு எந்த வகை என்பதை இயந்திரமே காட்டிக்கொடுத்துவிடும். பனியை வாரும் திருகும் அதை மேலே வீசும் விசிறியும் சுற்றுகின்றன, பனி வெளியேறும் குழாயிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை என்றால், ஈரப்பனி குழாய்க்குள் இறுகிவிட்டது. காலையில் பனியைத் தொடுவதற்கு முன்பே, பி.டி.ஓ.வைப் போட்டவுடன் எஞ்சின் திணறி நின்றாலோ, சுமை மீறினால் தான் அறுந்து இயந்திரத்தைக் காக்கும் ஷியர் போல்ட் அறுந்தாலோ, முந்தைய நாள் மிச்சம் இருந்த பனி இரவில் உறைந்து விசிறியை அதன் வெளிக்கூட்டோடு ஒட்டிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது 'டமார்' என்ற சத்தம் கேட்டுத் திருகு நின்றுபோனால், பனிக்கடியில் கிடந்த எதையோ விழுங்கிவிட்டது: கல், விறகுக்கட்டை, கயிறு, நாய்ச் சங்கிலி, கால்மிதி. மூன்றுக்கும் மருந்து வேறு.

எந்த வழியில் இறங்கினாலும் முதல் வேலை ஒன்றுதான். ப்ளோவரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை எடுத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாம் சுற்றி ஓயும்வரை நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று பி.டி.ஓ. என்றால் தண்டு விநாடிக்கு 9 முறை சுழல்கிறது. கண் இமைப்பதற்குள் கையுறையின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றைப் பலர் நம்புவதில்லை. எஞ்சின் நின்ற பிறகும் அடைப்புக்குப் பின்னால் ப்ளோவரை இயக்கும் சங்கிலியும் தண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். அடைப்பு விடுபட்ட கணத்தில் விசிறி கால் சுற்றாவது எகிறும். விரல் போவதற்கு அது போதும். ஆகவே கை ஒருபோதும் உள்ளே போகக் கூடாது. எத்தனை தடிமனான கையுறையானாலும் அது கைதான்.

கட்டையும் கடப்பாரையும்

ஈரப்பனி அடைப்புக்கு மரக்கட்டை அல்லது இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் கோல்தான் சரி. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கும் நாட்களில் பனி பிசைந்த மாவு போல ஒட்டிக்கொள்ளும், உடைப்பது எளிது. குழாயை ஒரு பக்கம் திருப்பிவைத்து, அதன் வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, மேலிருந்து குத்த வேண்டும். நடுவில் குத்தினால் பனி இன்னும் கெட்டிப்படும். ஓரத்தில், இரும்புச் சுவரை ஒட்டிக் கோலை இறக்கிச் சுற்றி வர வேண்டும். சுவரின் பிடி விட்டதும் முழு அடைப்பும் ஒரே கட்டியாகச் சரிந்து இறங்கும். அப்போது கோல் வெற்றிடத்தில் புகுவதைக் கையே உணரும்.

கடப்பாரை வேகமாக வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது குழாயின் உட்புறப் பெயின்டைக் கீறிவிடும். கீறிய இடத்தில் துரு பிடிக்கும், துருப்பிடித்த சொரசொரப்பில் அடுத்த பனி இன்னும் நன்றாக ஒட்டும். இன்று மிச்சப்படுத்திய ஐந்து நிமிடம் குளிர்காலம் முழுக்க வட்டியோடு போகும். கடப்பாரைக்கு உள்ள நியாயமான இடம் வேறு: திருகுக்கும் கூட்டுக்கும் நடுவே சிக்கிய கல்லையோ பனிக்கட்டியையோ நெம்பி எடுப்பது. அதுவும் திருகின் தகட்டு விளிம்பில் அழுத்தம் கொடுக்கக் கூடாது. விளிம்பு வளைந்தால் சுற்றும்போதெல்லாம் கூட்டில் உரசும்.

பி.டி.ஓ. உதறலும் கைச்சுற்றும்

எந்த அடைப்புக்கும் பொருந்தாத வழி என்று சொன்னது பி.டி.ஓ.வைப் போட்டுப் போட்டு எடுப்பதைத்தான். இதைச் செய்பவர்கள் ஒரு தடவை பலித்ததை வைத்தே வாழ்நாள் முழுக்கப் பேசுவார்கள். கல்லோ கட்டையோ சிக்கியது முன்பக்கச் சுழற்சியில். அதே திசையில் மறுபடி மறுபடி உதறினால் ஆப்பு இறுகத்தான் செய்யும். போல்ட் அறுந்தால் அதிர்ஷ்டம். அறுந்துபோகாவிட்டால் சங்கிலியோ கியர் பாக்ஸோ டிராக்டரின் பி.டி.ஓ. கிளட்சோ அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

இதற்கு எதிர்நிற்கும் வழி பின்னோக்கிக் கையால் சுற்றுவது. கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை, ஆனால் நான் முதலில் கைவைப்பது இதில்தான். எஞ்சின் நின்றபின் தண்டின் டிராக்டர் முனையில் உள்ள பூட்டு வளையத்தைப் பின்னிழுத்துத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் சுற்ற முயல்வதில் பயனில்லை; பல டிராக்டர்களில் பி.டி.ஓ.வை எடுத்ததுமே அதற்கென உள்ள பிரேக் தண்டைப் பிடித்துக்கொள்கிறது. கழற்றிய தண்டின் மூட்டுக்குள் ஒரு கம்பியை நுழைத்து, வழக்கமாகச் சுழலும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்பினால், கால் சுற்றுக்குள் கல் 'கடக்' என்று விடுபட்டுக் கீழே விழும். தண்டு சும்மா சுற்றி விசிறி அசையவில்லையென்றால், தண்டிலிருக்கும் ஷியர் போல்ட் ஏற்கெனவே போய்விட்டது. அப்போது ப்ளோவர் பக்கத்து முனையைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருப்ப வேண்டும். கயிறோ சங்கிலியோ சுற்றியிருந்தால் எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனை சுற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும், கயிறானால் கத்தியால் அறுத்தும் எடுக்கலாம். மறுபடி மாட்டும்போது பூட்டு வளையம் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா என்று தண்டை இழுத்துப் பார்ப்பது கட்டாயம். கம்பியையும் ரெஞ்சையும் எடுத்துவிட்டோமா என்பதையும்தான்.

வெந்நீர், டார்ச், ஹீட்டர்

உறைந்துபோன விசிறிக்கு வெப்பம்தான் வழி. குத்தியும் சுற்றியும் பயனில்லை. ஆனால் எந்த வெப்பம்?

வெந்நீரை ஆதரிப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக ஏறக்குறைய 334 கிலோஜூல் வேண்டும். 80 டிகிரி வெந்நீர் 10 லிட்டர் முழுதாகக் குளிர்ந்தாலும் 10 கிலோ பனிக்கட்டியைத்தான் உருக்கும், அதுவும் ஒரு சொட்டு வெப்பமும் வீணாகாமல் இருந்தால். முடிவில் ப்ளோவருக்குள் 20 லிட்டர் உறைநிலைத் தண்ணீர் நிற்கிறது. அது பேரிங்குக்குள்ளும் சங்கிலிக்குள்ளும் இறங்கி, ஒரு மணி நேரத்தில் முன்னைவிடக் கெட்டியாக உறையும். உடனே ஓட்டித் தண்ணீரை வெளியே வீச முடியுமென்றால் மட்டும், அதுவும் கடைசித் துண்டுப் பனிக்கட்டிக்கு மட்டும், வெந்நீரை ஒப்புக்கொள்ளலாம்.

டார்ச் வேகமானது. பெயின்ட், ஆயில் சீல், பிளாஸ்டிக் கவசம், கிரீஸ் எல்லாவற்றையும் அதே வேகத்தில் தின்னும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் அதைவிட அடக்கமானது. விசிறித் தகடு ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால் கூட்டின் வெளிப்புறத்திலிருந்து சூடேற்றி விடுவிக்க அது போதும்.

பெரிய கட்டி என்றால் என் வாக்கு பொறுமைக்குத்தான். ஷெட்டுக்குள் நிறுத்தி, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, துணியில் படாத தூரத்தில் மின்சார ஹீட்டரை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது. 20 கிலோ பனிக்கட்டிக்கு 1.5 கிலோவாட் ஹீட்டர் தன் வெப்பம் முழுவதையும் கொடுத்தாலே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாதிக்கு மேல் காற்றோடும் இரும்போடும் போய்விடுவதால் அரை நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மூடிய ஷெட்டுக்குள் டிராக்டரை ஓடவிட்டு அதன் சூட்டில் உருக்கலாம் என்ற யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமே கிடையாது.

ஷியர் போல்ட்டும் ஸ்லிப் கிளட்சும்

அடைப்பு நீங்கியதும் அறுந்த போல்ட்டின் கேள்வி வரும். கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டு முறுக்குவது பெருந்தவறு. தலையைப் பாருங்கள்: அங்குல அளவு போல்ட்டில் 3 கோடு இருந்தால் கிரேடு 5, 6 கோடு இருந்தால் கிரேடு 8, கோடே இல்லாவிட்டால் பொதுவாகக் கிரேடு 2. இயந்திரக் கையேடு கிரேடு 2 கேட்கும் இடத்தில் 8-ஐப் போட்டால், அடுத்த கல்லுக்குப் போல்ட் அறுந்துபோகாது, கியர் பாக்ஸ் உடையும்.

ஷியர் போல்ட்டுக்குப் பதில், சுமை மீறினால் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ளவர்கள் குளிரில் நின்று போல்ட் மாற்ற வேண்டியதில்லை, உண்மை. ஆனால் கோடை முழுக்கச் சும்மா கிடந்த கிளட்சின் தகடுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கிளட்ச் நழுவாது. அது வெறும் இரும்புத் துண்டு. பருவம் தொடங்குமுன் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சில விநாடி நழுவவிட்டு, பழைய அளவுக்கு முறுக்க வேண்டும். இதைச் செய்யும் ஒழுங்கு இருப்பவருக்குக் கிளட்ச். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு, இருக்கைக்குக் கீழே டப்பாவில் கிடக்கும் அரை டஜன் போல்ட்.

அடைக்காமல் இருக்க

குழாய்க்குள் அடிக்கும் சிலிகான் ஸ்பிரே ஒரு பனிப்பொழிவுக்குத் தாங்கும், கார் மெழுகு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. குழாய்க்குள் வழுவழுப்பான பாலி (பிளாஸ்டிக்) தகடு பொருத்துவதும், விசிறி நுனியில் ரப்பர் துண்டு மாட்டிக் கூட்டோடுள்ள இடைவெளியை அடைப்பதும் நிரந்தர வழிகள். ஈரப்பனியில் பி.டி.ஓ.வை முழு வேகத்தில் வைத்துச் சின்ன கியரில் ஊர்ந்து போனாலே பாதி அடைப்பு வராது. எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டுபவருக்குத்தான் குழாய் அடிக்கடி அடைக்கும்.

சூடான ஷெட்டில் நிறுத்துவதா, வெளியிலா என்பது இன்னொரு சர்ச்சை. வெளியே என்பதுதான் என் பக்கம், கூரை மட்டும் இருந்தால் போதும். சூடான இரும்பில் பட்ட பனி உருகி, பிறகு குளிர்ந்து பனிக்கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த இரும்பிலிருந்து பனி உதிர்ந்துவிடும். சூடான இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், வெளியே எடுத்து அரை மணி நேரம் குளிரவிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் பனி இல்லாத இடத்தில் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு உள்ளே இருப்பதை வீசச் செய்து, அடித்தகடு தரையோடு உறையாதபடி இரண்டு மரப்பலகை மேல் இறக்கிவையுங்கள்.