பாம்புக் கொட்டகை: அறை முழுக்கச் சூடா, கூண்டுக்குக் கூண்டு சூடா?

இங்கிலாந்துக் குளிரில், தோட்டத்து மரக் கொட்டகையில் பர்மிய மலைப்பாம்புகளை வளர்ப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

அறையையே சூடாக்குவது எளிது. ஒரே ஹீட்டர், ஒரே தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் குறித்த அளவில் வைத்திருக்கும் கருவி), வயரிங்கும் குறைவு. ஆனால் எங்கும் ஒரே வெப்பம். பாம்போ இடம் மாறித்தான் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். இரை விழுங்கியதும் சூடான மூலைக்கு ஊர்ந்துபோய்ச் சுருண்டுவிடும். அதற்குக் கூண்டின் ஒரு முனையில் சுமார் 32 டிகிரி, மறுமுனையில் 26 டிகிரி வேண்டும். கூண்டுக்குள் ஹீட் பேனல் (சூடு தரும் தட்டையான மின்பலகை) வைத்தால்தான் இது சரியாக அமையும்.

அப்புறம், அந்த ஒற்றை ஹீட்டர் ஜனவரி இரவில் நின்றுபோனால் எல்லாப் பாம்புகளும் ஒன்றாகக் குளிரில் மாட்டும்.

என் தேர்வு கூண்டுச் சூடுதான், ஒவ்வொன்றுக்கும் தனித் தெர்மோஸ்டாட்டோடு. எதுவானாலும் சுவருக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் உறை) போட்ட பிறகே பாம்பை உள்ளே விடுங்கள்.