வளவை முதலில் பார்த்த பூங்கன்றுக்கடை

தை மாத முடிவில், மாரி ஓய்ந்த கையோடு, திருகோணமலை நகரில் கோட்டைக்கு நடந்துபோகும் தூரத்திலுள்ள ஒரு பழைய வீட்டுக்குக் குடிபுகுந்தோம். வளவில் எங்களுக்கு அடையாளம் தெரிந்தவை ஒரு வேம்பும் கிணற்றடி வாழைகளும் மட்டுமே. வேலியோரத்தில் இலையே இல்லாத ஒரு மரம் மொட்டைக் கொம்புகளாக நின்றது. மற்றவை பெயர் தெரியாத பற்றைகள். எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்கிப் புதிய கன்றுகள் வைப்பதென்று முடிவுசெய்து, நிலாவெளி வீதியோரத்திலுள்ள ஒரு பூங்கன்றுக்கடைக்குச் சென்றோம்.

கடைக்காரர் நாங்கள் எழுதிக்கொண்டு போன பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, “சித்திரை பிறக்கும்வரைக்கும் ஒன்றையும் வெட்ட வேண்டாம், தங்கச்சி. நான் வந்து பார்க்கிறேன்” என்றார். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு 1,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். பின்னர் கன்றுகள் வாங்கியபோது அதைக் கழித்தும் விட்டார். அன்று பின்னேரம் ஒன்றரை மணிநேரம் அவர் எங்கள் வளவில் நடந்ததுதான் அந்தக் கடையில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன்.

பட்டுவிட்டதென்று நாங்கள் நினைத்த மரத்தின் பட்டையை அவர் நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது, பால் கசிந்தது. அது ஈழத்தலரி. கோடை தொடங்கும்போது இலையை உதிர்த்துவிட்டு வெறும் கொம்பின் நுனியிலேயே பூப்பது அதன் இயல்பு என்று விளக்கினார். பங்குனி நடுவில், ஓர் இலைகூட இல்லாத கொம்புகளில், நடுவில் மஞ்சள் படிந்த வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாக விரிந்தபோது, வெட்டக் கத்தி தேடியதை நினைத்து மனம் பதறியது. பெயரில் ஈழம் இருந்தாலும் இம்மரத்தின் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

கிணற்றுக்குப் பின்னால் சிக்கலாக வளர்ந்திருந்த பற்றை மல்லிகை. அதை நிலத்திலிருந்து ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கவ்வாத்துச் செய்து, காய்ந்த கிளைகளை அகற்றி, அடியில் மக்கிய மாட்டெருவை இட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றச் சொன்னார். புதுத் தளிரில்தான் மல்லிகை மொட்டு வைக்கும் என்பதே இதன் காரணம். சித்திரை முதல் கிழமையிலிருந்து மாமி பின்னேரங்களில் மொட்டுக் கொய்கிறார். வேம்பு பூத்தபோது அடியில் பழைய சேலையை விரித்து, உதிர்ந்த பூவைச் சேர்த்து, வடகமும் போட்டுவிட்டார். குழந்தையின் காலில் குத்துமென்று நாங்கள் அஞ்சிய முட்செடியோ மும்மூன்று இலைகளாகத் துளிர்த்த வில்வம். புத்தாண்டுக்குத் தலையில் வைத்து முழுகும் மருத்துநீர் காய்ச்ச அதன் இலையையே எடுத்தோம்.

விற்பனையிலும் அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார். இந்நகரின் புள்ளிமான்கள் இரவில் வேலி தாண்டி வந்து செவ்வரத்தைத் தளிர்களைத் தின்றுவிடும் என்று எச்சரித்தார். மான் தொடாத செடியாக அலரியைக் காட்டியவர், அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு, சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம் என்று நாங்கள் கேட்காமலேயே சொன்னார். இறுதியில் இரண்டு செவ்வரத்தைகளையும் ஓர் ஒட்டுமாங்கன்றையும் வாங்கி, செவ்வரத்தைகளைக் கம்பிவலைக்குள் நட்டோம்.

ஆனால் குறைகளும் உண்டு. செவ்வரத்தைப் பைகளில் பெரும்பாலும் தேங்காய் மட்டையின் தூளான தும்புச்சோறே நிரப்பப்பட்டிருந்தது. அது ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. வைகாசியில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் ஒரு கன்று கருகிப்போனது. கறுத்தக்கொழும்பான் ஒட்டுமாங்கன்றில் ஒட்டுக் கட்டிய பொலித்தீன் நாடா அவிழ்க்கப்படாமல் தண்டை இறுக்கியிருந்தது. ஒட்டுக்குக் கீழேயிருந்தும் ஒரு தளிர் வந்திருந்தது. அத்தளிரைக் கிள்ளாவிட்டால், மேலுள்ள நல்ல இனம் நலிந்து அடிக்கன்றே மரமாகிவிடும். வாங்கும்போதே ஒட்டுமுடிச்சைக் கவனித்துப் பார்ப்பது அவசியம். இவற்றைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று: மாங்கன்றை ஐப்பசி மழையோடு நட்டிருந்தால் மாரி முழுவதும் வேர் ஊன்றியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வெட்டுவதற்குப் பொறுக்கச் சொன்னவர் நடுவதற்கும் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். கோடை முழுவதும் கிணற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்தே அதைக் காப்பாற்றுகிறோம்.

கருகிய கன்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது, மறுபேச்சில்லாமல் வேறொன்றைத் தந்தார். அதன் பையில் மணலும் எருவும் கலந்திருந்தன. புதுவீடு வந்தவர்கள் கன்று வாங்குமுன் அவரை ஒருமுறை வளவுக்கு அழைப்பது நல்லது. தொலைபேசியை அவர் எடுப்பது அரிது. காலையில், வெயில் ஏறுமுன், நேரில் போனால் பேச நேரம் ஒதுக்குவார்.