ரிங்லெட்டில் தங்கி கேமரன் மலை பார்த்தோம்

பெர்த்திலிருந்து பிள்ளைகளோடு மலேசியாவில் எங்கள் ஊரான ரிங்லெட்டுக்குப் போனால் அண்ணன் வீட்டில்தான் தங்கல். அடிவாரத்துத் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி வருகிறவர்கள் ரிங்லெட்டில் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு, நேரே மலையின் முக்கிய ஊரான தானா ராத்தாவுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊர் அவர்களுக்கு வெறும் வளைவு.

சொந்த வண்டி இல்லையென்றால் கேமரன் மலையில் பாடுதான். கோலாலம்பூர் பேருந்து தானா ராத்தாவில் விட்டுவிடும். அதற்கப்புறம் தேயிலைத் தோட்டத்துக்குள் போக ஆள் பிடிக்க வேண்டும். முதல் நாளே சொல்லிவைத்த டாக்சி வரவில்லை. போன் போட்டால், "மழை லா அக்கா!" என்கிறார். மழை புதுசா என்ன, இந்த மலையில்? கடைசியில் அண்ணனின் பழைய வண்டியில்தான் சுற்றினோம்.

மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் இறங்கிவிடுகிறது. அதனால் காலையிலேயே சுங்கை பாலாஸ் போய்விடுங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். 1929இல் தொடங்கிய 'போ' (BOH) தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. சரிவுக்கு மேல் நீண்டு நிற்கும் மேடையிலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான். சின்னவள் "பாட்டி இதையெல்லாம் கையாலேயா கிள்ளினாங்க?" என்று கேட்டாள். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் வெட்டுகிறது, வேலைக்காரர்களில் பலர் வெளிநாட்டினர். கொழுந்து எடுத்த நம் தமிழ் ஆட்களின் கதை வேண்டுமா? ரிங்லெட் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, பக்கத்து மேசைப் பெரியவரிடம் எந்தத் தோட்டம் என்று மட்டும் கேளுங்கள். எழுந்திருக்க விடமாட்டார்.

பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டருக்கு மேல். மேக ஈரத்தில் மரமெல்லாம் பாசி. மழைக்கோட்டு, பிடிப்புள்ள காலணி இரண்டும் கட்டாயம். ஸ்ட்ராபெரி பண்ணைகளுக்கு நான் காசு செலவழிக்கமாட்டேன். பிள்ளைகள் கேட்டால் தப்ப முடியாது, அது வேறு.

ரிங்லெட் ஏரி, 1963இல் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டியபோது உண்டானது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காக மலையை வெட்ட வெட்ட, மழையில் மண் வந்து அடைகிறது. தண்ணீர் தேத்தண்ணி நிறம்தான்.

வளைவில் வயிறு புரட்டுகிற பிள்ளைகள் இருந்தால், இறங்கும்போது தாப்பா சாலையை விட்டு, இன்னொரு வழியான சிம்பாங் பூலாய் சாலையைப் பிடியுங்கள், அகலமாக இருக்கும். ஆனால் லாத்தா இஸ்கண்டார் அருவி தாப்பா சாலையில்தான் இருக்கிறது, ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.