கேக் போடறவங்க என்னத்த போட்டுக்கறது? கோட்டு, ஏப்ரன், செருப்புன்னு வாங்கி அடிபட்டு எழுதற ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேங்க, இது யாரும் காசு குடுத்து எழுதச் சொன்ன ரிவ்யூ இல்ல, எல்லாம் என் காசுல வாங்கி, துவைச்சு, சிலத தூக்கி போட்டு, அப்புறம் எழுதறது. கோயம்புத்தூர்ல வீட்லயே கேக் பண்ணி விக்கறேன், நாலாவது வருஷம் ஓடுது. வாரத்துக்கு எட்டு பத்து கேக், முகூர்த்த மாசம்னா அதுக்கும் மேல, பண்றதும் நான் தான் கொண்டு போய் வைக்கறதும் நான் தான். எல்லாரும் எந்த ஓவன், எந்த பீட்டர், எந்த க்ரீம்னு தான் கேக்கறாங்க, என்னத்த போட்டுக்கிட்டு வேலை செய்றீங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, ஆனா நான் அதிகமா காசு வீணாக்கினது அதுல தான்.

உண்மைய சொல்லணும்னா நைட்டில தான் ஆரம்பிச்சேன். வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பாதி ஹோம் பேக்கர்ஸ் அப்படித்தான். தோள்ல ஒரு துண்டு, தலைல கொண்டை, அவ்வளவு தான் யூனிஃபார்ம். ஒரு நாள் பிக்கப்புக்கு கஸ்டமர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே வந்து பெல் அடிச்சாங்க, நான் கன்னத்துல கோகோ பவுடரோட நைட்டில போய் கதவு திறந்தேன், அவங்க என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "கேக் பண்றவங்க இருக்காங்களா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஷெஃப் கோட்டு ஆர்டர் போட்டேன்.

அந்த கோட்டு பெரிய தண்டம். கடை பேரு வேண்டாம், 900 ரூபா சொச்சம், வெள்ளை கலர், ரெண்டு வரிசை பட்டன். இந்த ரெண்டு வரிசைக்கு ஒரு காரணம் இருக்குங்க, முன்னாடி துணி ரெண்டு மடிப்பா வரும், மேல இருக்கறது கறையாச்சுன்னா மாத்தி மடிச்சு பட்டன் போட்டா சுத்தமான பக்கம் வெளிய வந்துடும், நெஞ்சுக்கு சூடும் சட்டுனு ஏறாது. நல்ல யோசனை தான். ஆனா அது வேற ஊர் வேற குளிர். நம்ம ஊர்ல ஏப்ரல் மாசம், ஓவன் 180-ல ஓடிட்டு இருக்கு, ஐசிங் சுகர் சலிக்கறப்போ ஃபேன் போட முடியாது (போட்டா வீடே வெள்ளையாயிடும்), அதுல நெஞ்சுல ரெண்டு மடிப்பு துணி போட்டுட்டு நின்னு பாருங்க. வந்தது பாலியஸ்டர் ஜாஸ்தி கலந்த துணி, வேர்வைய உறிஞ்சவே உறிஞ்சாது, முதுகுல ஆறா ஓடும். நல்ல கோட்டுல துணிய முடிச்சு போட்ட பட்டனோ டிச் பட்டனோ வச்சிருப்பாங்க, இதுல சாதா பிளாஸ்டிக் பட்டன் நாலு இழை நூல்ல தொங்கிட்டு இருந்துச்சு. மூணாவது துவைப்புலயே ஒண்ணு லூஸு. கவனிக்கல.

ஒரு சனிக்கிழமை ரெண்டு கிலோ சாக்லேட் கேக்குக்கு மாவு கலந்து டின்ல ஊத்தற நேரம், குனிஞ்சு பாத்தா கோட்டுல மேலயிருந்து ரெண்டாவது பட்டனக் காணோம். தரையில இல்ல, மேடையில இல்ல. மாவு முழுக்க சல்லடைல ஊத்தி கரண்டியால தேய்ச்சு தேய்ச்சு பாத்தேன், அடியில டக்குனு ஒரு சத்தம். வெள்ளை பட்டன், சாக்லேட்ல குளிச்சு வந்துச்சு. அந்த மாவ கீழ கொட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து. ஒரு குழந்தை வாயில போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைச்சு ராத்திரி தூக்கமே இல்ல. கடைக்கு மெசேஜ் பண்ணா "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு மேம்"னு ஒரு கை கூப்பற பொம்மை அனுப்பினாங்க. அதனால கோட்டு வாங்கறவங்க மத்ததெல்லாம் அப்புறம் பாருங்க, பட்டன இழுத்துப் பாருங்க மொதல்ல.

இன்னொரு குறை கை. முழுக்கை கோட்டு போட்டுட்டு டர்ன்டேபிள்ல (கேக்க வச்சு சுத்தற தட்டு) க்ரீம சுத்தி வழிக்கறப்போ கஃப் போய் கேக்கு ஓரத்துல ஒரு கோடு இழுக்கும், சுருட்டி விட்டா நழுவி வரும். முக்கால் கை தான் இந்த வேலைக்கு சரி. அப்புறம் டவுன்ஹால் பக்கம் ஒரு டெய்லர் அண்ணாகிட்ட போய் சொன்னேன், காட்டன் கலந்த மெல்லிசு ட்ரில் துணி, முக்கால் கை, டிச் பட்டன், நெஞ்சுல பாக்கெட் வேண்டாம் (குனிஞ்சா பேனா கேக்குல குத்தும்), பேனாவும் தெர்மாமீட்டரும் வைக்க கைல ஒரு சின்ன பாக்கெட்னு. அவரு "இது டாக்டர் கோட்டா, சமையல் கோட்டா, என்னம்மா இது"ன்னு சிரிச்சிக்கிட்டே தைச்சு குடுத்தாரு. கூலியும் துணியும் சேத்து 1,100 ஆச்சு. ரெண்டு வருஷமா உழைக்குது. பத்துக்கு எட்டு மார்க், ரெண்டு மார்க் குறைச்சது அயர்ன் பண்ற தொல்லைக்கு. ஆனா நிஜமா சொன்னா அத தினமும் போடறதில்ல, ஃபோட்டோக்கும் கிளாஸ் எடுக்கறப்பவும் தான்.

தினமும் போடறது டீ-ஷர்ட்டும் ஏப்ரனும் தான். ஏப்ரன்ல என்ன பெருசா இருக்குன்னு நெனைக்காதீங்க. கழுத்துல மாட்டற மாடல் எட்டு மணி நேரம் போட்டா பின்கழுத்துல ஒரு வலி வரும் பாருங்க, அது ஏப்ரனால தான்னு எனக்கு ஒரு வருஷம் தெரியல, தலகாணிய மாத்திட்டு இருந்தேன். முதுகுல பெருக்கல் குறி மாதிரி க்ராஸா வர்ற மாடல் மாத்தினேன், எடை தோள்ல இறங்கிடுச்சு, கட்டறதுக்கு கயிறும் இல்ல, தலை வழியா போட்டா முடிஞ்சுது. இன்ஸ்டால எல்லாரும் போடற அந்த டெனிம் ஏப்ரன், தோல் வாரு, பித்தளை கொக்கி வச்சது, அதையும் ஒண்ணு வாங்கினேன். பாக்க ஜோரா இருக்கும். மெஷின்ல போட முடியாது, தோலு தண்ணி பட்டா விறைச்சுக்கும், வெண்ணெய் கறை பட்டா நிரந்தரம். துவைக்க முடியாத ஏப்ரன் எதுக்குங்க? அது இப்போ ஆணில தொங்குது. ஆமா, வயித்து பக்கம் பெருசா ஒரு பாக்கெட் வர்ற ஏப்ரனும் வேண்டாம், சாயங்காலம் கை விட்டா உள்ள அம்பது கிராம் மைதா இருக்கும்.

கலருக்கு வர்றேன், இது தான் நான் ரொம்ப சொல்லணும்னு நெனைச்சது. வெள்ளை போட்டா கோகோவும் சிவப்பு ஜெல் கலரும் பளிச்சுனு தெரியும், கருப்பு போட்டா ஐசிங் சுகரும் கார்ன்ஃப்ளாரும் விபூதி பூசின மாதிரி தெரியும். கறை தெரியக்கூடாதுன்னு தான் எல்லாரும் கருப்பு, மெரூன், நேவின்னு போறோம். தப்பு. கறை உங்க மேல தெரியறது பிரச்சனையே இல்ல, உங்க துணி கேக்கு மேல தெரியறது தான் பிரச்சனை. ஒரு சர்ச் கல்யாணத்துக்கு மூணு அடுக்கு வெள்ளை ஃபாண்டன்ட் கேக் (சப்பாத்தி மாதிரி விரிச்சு கேக்கு மேல போர்த்தற சர்க்கரை மாவு தான் ஃபாண்டன்ட்), புதுசா வாங்கின மெரூன் டீ-ஷர்ட்ட துவைக்காம கூட அப்படியே போட்டுட்டு வேலை பாத்தேன். ஃபாண்டன்ட விரிச்சு, தூக்கி, போர்த்தி, ஸ்மூதர் வச்சு தேய்ச்சு முடிச்சு, லைட்ட போட்டு பாத்தா மேல குட்டி குட்டியா மெரூன் மயிரிழை மாதிரி நூல் தூசி. ஃபாண்டன்ட் பிசுபிசுன்னு இருக்கும்ல, எது பட்டாலும் புடிச்சுக்கும். புருவம் எடுக்கற ட்வீசர வச்சு ஒவ்வொண்ணா ராத்திரி ஒரு மணி வரைக்கும் பொறுக்கினேன். அந்த இடத்த பெரிய பெரிய கேக் ஆர்ட்டிஸ்ட்லாம் வோட்கா தொட்டு துடைப்பாங்க, சட்டுனு ஆவியாயிடும் தடம் இருக்காது. எங்க வீட்டுக்காரர கேக்குக்காக டாஸ்மாக்குக்கு அனுப்பறேன்னு சொன்னா மாமியார் நம்புவாங்களா? பின்னாடி பார்டர்ல ரெண்டு பூ எக்ஸ்ட்ரா வச்சு மறைச்சேன்.

அதுல இருந்து வெள்ளை ஃபாண்டன்ட் நாள்ல வெள்ளையோ வெளிர் சாம்பலோ தான், அதுவும் நாலு தடவையாவது துவைச்ச பழைய துணி. கம்பளி, ஸ்வெட்டர், சுணை (நூல் பிசிறு) விடற துணி எதுவும் அந்த ரூம்குள்ளயே வரக்கூடாது. மத்த நாளைக்கு நடுத்தர சாம்பல் கலர் தான் பெஸ்ட், சர்க்கரையும் தெரியாது சாக்லேட்டும் அவ்வளவா தெரியாது.

டீ-ஷர்ட்டுக்கு ஆன்லைன் தேடாதீங்க, திருப்பூர் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. பயோ வாஷ் பண்ண 180 ஜிஎஸ்எம் (துணியோட கனத்துக்கு சொல்ற கணக்கு) காட்டன் ரவுண்ட் நெக், ஆறு சேந்தாப்ல எடுத்தேன், ஒண்ணு 200 ரூபாக்குள்ள வந்துச்சு. பயோ வாஷ்னா மேல இருக்கற சுணைய எடுத்துடுவாங்க, நமக்கு அது தான வேணும். லோகோ போடறதுல மொதல்ல டிடிஎஃப் ஸ்டிக்கர் பிரிண்ட் போட்டேன், கலரெல்லாம் அள்ளுச்சு, ஆனா நெஞ்சுல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டின மாதிரி காத்தே போகாது, ஒரு தடவ மறந்து மேல அயர்ன் வச்சேன், ஜோலி முடிஞ்சுது. அப்புறம் சின்னதா எம்ப்ராய்டரி. டிசைன கம்ப்யூட்டர்ல ஏத்தறதுக்கு மொதல் தடவ தனியா காசு கேப்பாங்க, அடுத்த தடவைல இருந்து தையல் எண்ணிக்கைக்கு தான் ரேட்டு, அதனால லோகோவ சின்னதா வைங்க.

தலைக்கு, ஒரு பாக்கெட்ல நூறு சேந்து வர்ற வலை மாதிரி டிஸ்போசபிள் கேப் தான், இதுல ரிவ்யூ பண்ண ஒண்ணும் இல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன் எடுக்கறவங்க அவங்க விதில சுத்தத்த பத்தி சொல்ற ஷெட்யூல் 4-ஐ படிச்சுக்கோங்க, தலைய மூடணும், கழண்டு விழற மாதிரி நகை கூடாதுன்னு அதுலயே இருக்கு. வளையலையும் மோதிரத்தையும் கழட்டி வச்சா மாமியார் முகம் ஒரு மாதிரி ஆகும், தாலிய டீ-ஷர்ட்டுக்கு உள்ள விட்டு மேல ஏப்ரன் போட்டுக்கறேன், மல்லிப்பூ ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்.

செருப்பு. மேல ஓட்டை ஓட்டையா இருக்கற ரப்பர் கிளாக் செருப்பு ஒண்ணு லோக்கல்ல வாங்கி போட்டுட்டு இருந்தேன், கேரமல் காய்ச்சறப்போ ஒரு சொட்டு சரியா அந்த ஓட்டை வழியா உள்ள போச்சு, தழும்பு இன்னும் இருக்கு. க்ராக்ஸ் கம்பெனிலயே சமையல்கட்டுல நிக்கறவங்களுக்குன்னு பிஸ்ட்ரோன்னு ஒரு மாடல் இருக்கு, மேல மூடியிருக்கும், அடியில வழுக்காத கிரிப். விலை கொஞ்சம் வலிக்கும், ஆனா வெண்ணெய் சிந்தின டைல்ஸ்ல அது நின்ன மாதிரி நான் வாங்கின வேற எதுவும் நிக்கல. இதுக்கு பத்துக்கு ஒன்பது.

ஆனா டெலிவரிக்கு அது ஆகாது, ஏன்னா கிச்சன்ல போட்டது ரோட்டுக்கு போகக்கூடாது, ரோட்டுல போட்டது கிச்சனுக்கு வரக்கூடாது. சில பேர் ஷெஃப் கோட்டோட வண்டில போய் டெலிவரி குடுத்துட்டு, அதே கோட்டோட வந்து அடுத்த கேக்குக்கு க்ரீம் அடிக்கறாங்க, சிக்னல்ல பஸ் விட்ட புகையெல்லாம் அந்த துணில தாங்க இருக்கும்.

டெலிவரில முக்கியம் செருப்பு தான்னு நான் கண்டுபுடிச்சது ஒரு கிரகப்பிரவேசத்துல. அஞ்சு கிலோ கேக்க ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு வாசப்படில நிக்கறேன், கால்ல லேஸ் கட்டின ஸ்போர்ட்ஸ் ஷூ. உள்ள இருந்து ஒரு பாட்டி "செருப்ப கழட்டிட்டு வா கண்ணு"ங்கறாங்க. எப்படி கழட்டறது? ஒரு காலால இன்னொரு கால மிதிச்சு மிதிச்சு கழட்டினேன், உள்ள சாக்ஸு, கழுவி விட்ட கிரானைட்ல சாக்ஸு போட்ட கால் சர்ருனு போச்சு, கேக் தப்பிச்சது அந்த பாட்டி புண்ணியம். இப்போ பின்பக்கம் வாரு வச்ச ரப்பர் சாண்டல், வாரு தளர்வா இருக்கும், காலாலயே தள்ளி விட்டுடலாம், வெறுங்கால் தான் கிரானைட்டுக்கு நல்லது.

சுடிதார் போட்டா ஷால் சறுக்கி பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கும், நீள குர்தின்னா பெட்டி மறைக்கறதால முன்பக்க ஓரத்த நாமளே மிதிச்சு படில தடுமாறுவோம், புடவை பத்தி பேசவே வேண்டாம். பேண்ட்டு தான். அதுலயும் லேடீஸ் பேண்ட்ல பாக்கெட்டே வைக்க மாட்டாங்க, வச்சாலும் ரெண்டு விரல் போகற அளவு. எனக்கு கார் சாவி, ஃபோன், டேப், சின்ன பேலட் நைஃப், மிச்ச க்ரீம் ஒரு பைப்பிங் பேக்ல, இவ்வளவும் வேணும். ஜென்ட்ஸ் செக்‌ஷன்ல ஜிப் பாக்கெட் வச்ச ட்ராக் பேண்ட் வாங்கிட்டேன், கீழ ரெண்டு இஞ்ச் மடிச்சு தைச்சு போட்டுக்கறேன். பொள்ளாச்சி ஆர்டர்னா கேக் உருகாம இருக்க வழி பூரா கார்ல ஏசிய ஃபுல்ல வைக்கணும், நமக்கு பல்லு கிடுகிடுன்னு ஆடும், அதுக்கு நைலான் ஜாக்கெட் ஒண்ணு, சுணை விடாதது. ஸ்வெட்டர் ஏன் வேண்டாம்னு மேலயே சொல்லிட்டேன்.

ட்ராக் பேண்ட் டீ-ஷர்ட்ல மண்டபத்துக்கு போனா வாட்ச்மேன் அண்ணா "கேட்டரிங்கா? பின் பக்கமா போம்மா"ம்பாரு, கோட்டு போட்டுட்டு போனா முன்வாசல்ல வழி விடுவாங்க, மேடை வரைக்கும் கூட்டிட்டு போய் ஃபோட்டோ எடுப்பாங்க. மொதல்ல எனக்கு கோவமா தான் வந்துச்சு. அப்புறம் பாத்தா முன்வாசல்ல பன்னெண்டு படி, பின் பக்கம் சாமான் தள்ளற சாய்வு பாதை. இப்போ நானே பின் பக்கம் எங்கன்னு கேட்டு தான் போறேன்.

வாங்கறவங்களுக்கு கடைசியா சில விஷயம், காட்டன் மொத துவைப்புல சுருங்கும், ஒரு சைஸ் பெருசா எடுங்க, வெண்ணெய் கறைக்கு பாத்திரம் கழுவற லிக்விட் தேய்ச்சு ஊற வச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க, ஜெல் கலர் பட்டா சுடுதண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. அந்த மெரூன் டீ-ஷர்ட்ட என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா, எங்க வீட்டுக்காரர் தான் காலைல வாக்கிங்க்கு போட்டுட்டு போறாரு, நெஞ்சுல என் கேக் லோகோவோட.