ராத்திரி அடிக்காத சுகர் அலாரம்: சர்வீஸ் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் மகளுக்கு 9 வயதில் டைப் 1 சுகர் என்று தெரிந்தது. இப்போது 12. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும், 70க்குக் கீழே போனால் போன் அலறும். அந்த அலறலை நம்பித்தான் நாங்கள் இருவரும் இரவில் கண்ணை மூடுகிறோம். பிப்ரவரியில் அவளுக்குப் புதுப் போன் வாங்கினோம். கடையில் விஷயத்தைச் சொல்லித்தான் கேட்டேன், "எந்த ஆப் போட்டாலும் பிரச்சினையே வராதுக்கா" என்றார்கள்.

மூன்றாவது வாரம், விடியற்காலை 3 மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த என் கணவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் வியர்வையில் நனைந்து கிடக்கிறாள். விரலில் குத்திப் பார்த்தோம், 48. குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்தி, 81 என்று பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது. போன் அவள் தலைமாட்டிலேயே இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. ஆப்பைத் திறந்தால் கடைசி அளவு 12.40க்கு வந்தது. சிக்னல் போனால் அதற்கும் ஒரு அலாரம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அதை அடிக்க வேண்டியதும் இதே ஆப்தான், அதுவே நின்றுபோயிருந்தால் யார் அடிப்பது?

மறுநாளே போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ப்ளூடூத் பகுதியில் கோளாறு என்றார். வாரண்டியில் வராதாம். 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனை முழுக்க ரீசெட் செய்து கொடுத்தார்கள். எங்கள் சென்சார் எந்தப் போனில், ஆப்பின் எந்த நிறுவலில் தொடங்கினோமோ அதோடு மட்டும்தான் பேசும், ஆப்பை அழித்து மறுபடி போட்டால் பேசாது. 9 நாள் மிச்சமிருந்த சென்சார் அத்தோடு வீண். புதிது ஒட்டினோம். மூன்றே நாளில் ஆப் மறுபடி நடுராத்திரி நின்றது. இந்த முறை நான் 2 மணிக்கு எழுந்து பார்ப்பதாக வைத்திருந்ததால் தப்பித்தோம்.

ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இடையில் ஓர் இரவு போன் சார்ஜரிலேயே கிடந்தது, அன்று எல்லாம் ஒழுங்காக ஓடியது. ப்ளூடூத் கெட்டுப்போயிருந்தால் சார்ஜர் போட்டதும் எப்படிச் சரியாகும்? ஆப் எழுதும் வேலையில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன், அவன் போனை வாங்கி செட்டிங்ஸைத் திறந்த உடனே சொல்லிவிட்டான்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்தே டோஸ் என்று ஒன்று இருக்கிறது. சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து போன் கொஞ்ச நேரம் கிடந்தால், ஆப்களின் வேலைகளைத் தள்ளிப்போட்டு அவ்வப்போது மட்டும் விடும். தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் இருக்கும் போன் அச்சு அசலாக அந்த நிலையில்தான் இருக்கிறது. 2018இல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது, எந்த ஆப்பை எவ்வளவு அடிக்கடி திறக்கிறோம் என்று பார்த்து வரிசைப்படுத்தி, குறைவாகத் திறப்பதை இன்னும் ஒடுக்கும் முறையும் சேர்ந்தது. இவை தப்பு என்று நான் சொல்லவில்லை, நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடி பேட்டரியைத் தின்னும் ஆப்களை அடக்க இப்படி ஏதாவது வேண்டும்தான். எப்போதும் ஓட வேண்டிய ஆப்புக்கு வழியும் வைத்திருக்கிறார்கள், மேலே ஒரு நோட்டிபிகேஷனை நிரந்தரமாகக் காட்டிக்கொண்டு ஓடலாம். எங்கள் ஆப் அப்படித்தான் ஓடியது. ஆனால் சில போன் கம்பெனிகள் பேட்டரி நிறைய நேரம் நிற்கிறது என்று காட்டுவதற்காக இதற்கு மேல் தங்கள் பங்குக்கு ஒரு கத்தியை வைத்து, அந்த ஆப்பையும் சேர்த்து வெட்டிவிடுகின்றன. அனுமதி கொடுக்கும்போது திரையில் பெட்டி வருகிறது, பறிக்கும்போது ஒன்றும் வருவதில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படி வரும் போனை ரீசெட் செய்தால் என்ன சரியாகும்? அது தெரியாமல் 1,850 வாங்கினார்களா, தெரிந்தே வாங்கினார்களா?

தம்பி செய்தது இதுதான். ஆப்பின் பேட்டரி பக்கத்தில் அன்ரெஸ்ட்ரிக்டெட் (கட்டுப்பாடு இல்லை) என்று வைத்தான். ஆப் தானாகவே தொடங்க விடும் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஓர் இடம் இருந்தது, அதில் ஆன் செய்தான். சமீபத்திய ஆப்கள் வரும் திரையில், மற்றவற்றோடு சேர்ந்து மூடிவிடாமல் இந்த ஆப்புக்குப் பூட்டுப் போட்டான், போனோடு வந்த க்ளீனரின் தானாகச் சுத்தம் செய்யும் வேலையை நிறுத்தினான். அப்புறம் பயன்படுத்தாத ஆப்பின் அனுமதிகளை எடுத்துவிடும் சுவிட்சை அணைத்தான், போன் சத்தத்தை அடக்கும் டூ நாட் டிஸ்டர்பை மீறி அடிக்கும் அனுமதியைக் கொடுத்தான். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குக் கீழே உள்ள போன் என்றால் ப்ளூடூத் கருவியைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும், ஆபத்து என்று பயந்து அணைத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து அதற்கு நியர்பை டிவைசஸ் என்று தனி அனுமதி. ஒவ்வொரு கம்பெனியிலும் இந்த இடங்களுக்குப் பெயர் மாறும், டோன்ட் கில் மை ஆப் என்ற தளத்தில் கம்பெனி வாரியாக வழி போட்டிருக்கிறார்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பை மேலே தள்ளி மூடாதீர்கள், அப்படி மூடினால் நீங்கள் மறுபடி திறக்கும்வரை அது பின்னால் ஓடாது.

போன் அப்டேட் ஆன பிறகும் இத்தனையையும் ஒருமுறை பாருங்கள், எங்களுக்கு ஒரு அப்டேட்டில் ஆட்டோஸ்டார்ட் பழையபடி ஆஃப் ஆகியிருந்தது.

சர்வீஸ் சென்டரில் பில்லை நீட்டி என்ன பாகம் மாற்றினீர்கள் என்று கேட்டேன். பழைய பாகத்தைக் காட்ட முடியவில்லை, "சாஃப்ட்வேர் சார்ஜ்" என்று பேச்சை மாற்றினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பதில் வந்தால் இங்கே சேர்க்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், ரீசெட் செய்ய ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்களா என்றும் பாருங்கள், நான் போடவே இல்லை. இப்போது பாப்பாவின் போன் இரவு முழுக்க சார்ஜரில்தான் இருக்கிறது, நான் 2 மணிக்கு எழுவதை இன்னும் விடவில்லை.